எலிக்கு டிக் வருமா? கேள்வி பதில்

மூளையின் அடியாழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற நரம்புத் திரள்களை எலிகளில் ஆராய்ந்தே எனக்குப் பதினோரு வருஷம் போயிருக்கிறது. டிக் என்பது நாம் நினைக்காமலே திடீரென்று திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலி; அசைவு டிக்கும் குரல் டிக்கும் சேர்ந்து நீடித்தால் அது டூரெட். இவை பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். நான் ஆராய்ச்சியாளர், மருத்துவர் அல்ல. மருந்தைப் பற்றி மட்டும் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி: மேடம், என் பையனுக்கு 9 வயது. கண்ணைச் சிமிட்டுகிறான், தோளைக் குலுக்குகிறான், தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறான். டூரெட் என்கிறார்கள். இதை எலியில் ஆராய்கிறார்களாமே, எலிக்கும் இது வருமா?

பதில்: தானாக டூரெட் வந்த ஆய்வக எலி என்று ஒன்று கிடையாதும்மா. டிக் போன்ற அசைவை நாங்கள்தான் வரவழைக்கிறோம். பேசல் கேங்லியாவில் ஸ்ட்ரையேட்டம் என்றொரு பகுதி உண்டு. எந்த அசைவை விடுவது, எதை அடக்குவது என்பதில் அதற்குப் பெரிய பங்கு. அங்கே பிரேக் போடும் வேதிப்பொருள் காபா. பைகுகுலின் என்ற மருந்து அந்த பிரேக்கைத் தளர்த்திவிடும். மெல்லிய குழாய் வழியாக, ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவாக, ஸ்ட்ரையேட்டத்தின் ஒரே ஒரு புள்ளியில் அதை விடுவோம்.

முதல் தடவை பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. தலை கறுத்து உடல் வெளுத்த எலி. இடப்பக்க மூளையில் மருந்து போனது. சில நிமிஷத்தில் வலது முன்னங்கால் வெடுக்கென்று இழுத்தது. கொஞ்சம் கழித்து மறுபடி அதே கால், அதே இழுப்பு. நடுநடுவே எலி மூலையை மோந்து பார்த்தது, மீசையைத் துடைத்துக்கொண்டது. நினைவு தப்பவில்லை, கீழே விழவில்லை. மருந்தின் வேகம் அடங்கியதும் கால் பழையபடி ஆகிவிட்டது. மற்ற எல்லாம் சரியாக நடக்க, ஒரே ஒரு அசைவு மட்டும் கேட்காமல் வந்து வந்து போகிறது. உங்கள் பையனிடம் நீங்கள் பார்ப்பதும் இதுதானே?

கேள்வி: மருந்து எங்கே போனாலும் அதே கால்தான் இழுக்குமா?

பதில்: இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். ஸ்ட்ரையேட்டத்தில் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. புள்ளி மாறினால் துடிக்கும் உறுப்பும் மாறும். இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் இஷார் பார்-காட் குழு இதை முதலில் குரங்குகளிலும் (2009) பிறகு எலிகளிலும் துல்லியமாகப் பதிவு செய்தது. 2015-இல் அவர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: டிக் எந்த உறுப்பில் என்பதை ஸ்ட்ரையேட்டம் தீர்மானிக்கிறது, எப்போது என்பதில் மூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் மேலடுக்குக்கு, பெரிய பங்கு இருக்கிறது. ஒரே நோய்க்குள் 'எங்கே', 'எப்போது' என்று இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன என்பதை நோயாளியை வெளியிலிருந்து பார்த்து மட்டும் பிரித்திருக்க முடியாது.

முதல் கேள்வியில் செருமலையும் சொல்லியிருந்தார்கள். 2016-இல் கெவின் மெக்கெய்ர்னும் உடன் ஆய்வாளர்களும் குரங்குகளில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற இடத்தில் அதே பிரேக்கைத் தளர்த்தினார்கள். குரங்குகள் திரும்பத் திரும்ப உறுமின. அந்த இடம் உணர்ச்சியோடும் விருப்பத்தோடும் தொடர்புடையது. குரல் டிக்கும் கை கால் டிக்கும் ஒரே பாதையில் வருபவை அல்ல என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: நான் மருத்துவம் படிக்கிறேன். மருந்து விட்டால் எதுவும் துடிக்கும். மனித மூளையில் அந்த பிரேக் பழுது என்பதற்குச் சான்று உண்டா மேடம்?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். 2005-இல் யேல் பல்கலைக்கழகத்தில், ஃப்ளோரா வக்கரினோ ஆய்வகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. டூரெட் இருந்து இறந்தவர்களின் மூளையில் நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தபோது, ஸ்ட்ரையேட்டத்தில் காபா சுரக்கும் ஒருவகை இடைநியூரான்கள் (அக்கம்பக்கத்து நரம்பணுக்களைக் கட்டுப்படுத்தும் சிறு நரம்பணுக்கள்) குறைந்திருந்தன. கட்டுரையின் முதல் ஆசிரியர் பால் கலாநிதி. ஆமாம், தென்னிந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, நரம்பு அறுவை மருத்துவராகி, 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' புத்தகத்தை எழுதி, 2015-இல் நுரையீரல் புற்றுநோயில் மறைந்த அதே கலாநிதிதான். மாணவராக இருந்தபோது செய்த வேலை அது.

பார்த்த மூளைகள் மிகச் சில. அந்தக் குறைவு காரணமா, நோயின் விளைவா என்பதை இறந்த மூளை சொல்லாது. அதனால்தான் யேலிலேயே கிறிஸ்டோபர் பிட்டென்கர் குழு சுண்டெலியில் அந்த இடைநியூரான்களை மட்டும் குறிவைத்து அழித்துப் பார்த்தது. சும்மா இருக்கும்போது பெரிதாக ஒன்றும் இல்லை. திடீர் மன அழுத்தம் கொடுத்ததும் எலி தன்னைத்தானே ஓயாமல் நக்கித் துடைத்தது. பரீட்சை நேரத்தில் டிக் கூடுகிறது என்று பெற்றோர் சொல்வதை நான் எலிக்கூண்டில் பார்த்த மாதிரி இருந்தது. 2017-இல் இரண்டுவகை இடைநியூரான்களைச் சேர்த்து அழித்தபோது ஆண் எலிகளில் மாற்றம் தெரிந்தது, பெண் எலிகளில் தெரியவில்லை. டூரெட் பையன்களுக்குத்தானே அதிகம்.

கேள்வி: பரம்பரையா?

பதில்: பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் ஒற்றை மரபணு நோய் அல்ல. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு குடும்பத்தில் டூரெட் இருந்த அப்பாவுக்கும் 8 பிள்ளைகளுக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்க உதவும் மரபணுவில் ஒரே பிழை இருந்தது. அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில், அசைவுகளை ஒழுங்குபடுத்த உதவும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் ஒழுங்கு கெட்டிருந்தது. மிக அரிய பிழை என்பதால், உங்கள் வீட்டுக்கு இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எனக்கே டிக் உண்டு. வருவதற்கு முன் உள்ளே ஒரு அரிப்பு மாதிரி, முட்டிக்கொண்டு வரும். எலிக்கும் அப்படி இருக்குமா?

பதில்: எலியிடம் கேட்க வழியில்லை தம்பி. எங்கள் துறையின் பெரிய ஓட்டை இது. உங்களைப் போன்றவர்களுக்கு அந்த முட்டலே நோயின் பாதி. துடிப்பை மட்டும் எண்ணும் எந்த விலங்குச் சோதனையும் அந்தப் பாதியைத் தவறவிடுகிறது. ஆய்வுக் கட்டுரையில் 'டிக்' என்று எழுதாமல் 'டிக் போன்ற அசைவு' என்று எழுதச் சொல்லி மாணவர்களிடம் நான் சண்டை போடுவதும் அதற்காகத்தான்.

கேள்வி: வாயில்லா ஜீவன்களை இப்படி வதைக்கலாமா?

பதில்: குழாய் பொருத்தும் ஒவ்வொரு நாளும் மனசு கனக்கும். மாற்று வழி இருந்தால் அதை எடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று ரஸல், பர்ச் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1959-இல் வகுத்ததைத்தான் பின்பற்றுகிறோம். ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பக் காட்ட மட்டும் ஒரு சோதனை என்றால் நான் சம்மதிப்பதில்லை.

கேள்வி: ஆசிரியராக இருக்கிறேன். வகுப்பில் ஒரு பையன் செருமிக்கொண்டே இருக்கிறான். "நிறுத்து" என்றால் பத்து நிமிஷம் நிறுத்துகிறான். அப்படியென்றால் வேண்டுமென்றே செய்கிறான் என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை சார். அந்தப் பத்து நிமிஷமும் அவன் பாடத்தைக் கவனித்திருக்க மாட்டான், செருமலைப் பிடித்து வைப்பதிலேயே இருந்திருப்பான். நிறுத்தச் சொல்லாதீர்கள். கதவுப் பக்கம் உட்கார வையுங்கள், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்றால் ஏன் என்று கேட்காமல் விடுங்கள்.