பார்படோஸில் எங்கே சாப்பிடலாம்? முதலில் கிழமையைப் பாருங்கள்

கேள்வி: மார்ச்சில் ஒரு வாரம் குடும்பத்தோடு பார்படோஸ் போகிறோம். ஹோட்டலில் காலைச் சாப்பாடு மட்டும்தான். மதியமும் ராத்திரியும் எங்கே சாப்பிடுவது என்று தேடினால் நூறு பெயர் வந்து விழுகிறது, தலை சுற்றுகிறது. நீங்கள் போய் வந்தவர், நாலைந்து இடம் மட்டும் சொல்லுங்களேன்.

சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீவு சின்னது, நீளம் சுமார் 34 கிலோமீட்டர், அகலம் 23, அதனால் எந்த இடமும் தூரம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊர் கிழமை பார்த்துச் சாப்பிடுகிற ஊர். வெள்ளி ராத்திரி தெற்கே ஆய்ஸ்டின்ஸ் என்கிற மீனவ ஊரில் மீன் வாட்டியும் பொரித்தும் தருகிற கடைகள். சனி மதியம் 'புட்டிங் அண்டு சவுஸ்', அதாவது எலுமிச்சைச் சாறும் வெள்ளரியும் வெங்காயமும் மிளகாயும் போட்டு ஊறவைத்த பன்றி இறைச்சி, கூடவே மசாலா சேர்த்து அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. இதைச் செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வியாழன் மதியம் கிழக்குக் கரையில் மார்ட்டின்ஸ் பே என்கிற மீனவ கிராமம், அங்கே அன்றைக்கு மட்டும் திடீரென்று கார்கள் வரிசையாக நிற்கும், அலுவலகத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வந்த முகங்களையும் பார்க்கலாம்.

ஞாயிறுதான் ஆபத்து. ஞாயிறு மதியம் ஊர்க்காரர்கள் வீட்டில் பெரிய சாப்பாடாகச் சாப்பிடுவார்கள், சாயங்காலத்துக்குப் பிறகு வெளியே பல கடைகள் சாத்தியிருக்கும். முதல் தடவை இது தெரியாமல் ஞாயிறு ராத்திரி எட்டரைக்குப் பசியோடு கிளம்பி, மூன்று பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சீஸ் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுத்தேன். கடற்கரைத் தீவில் என் முதல் ராத்திரிச் சாப்பாடு அது. நீங்கள் ஞாயிறுக்கு மட்டுமாவது முன்பே போன் போட்டு மேசை சொல்லி வைத்துவிடுங்கள், அல்லது ஹோட்டலிலேயே சாப்பிட்டுவிடுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

போய் இறங்குகிற நாள் மதியத்துக்கு என்னுடைய ஒரே சிபாரிசு, தலைநகர் பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் பேயில், பெபிள்ஸ் கடற்கரையோரம் இருக்கும் கஸ்ஸஸ் ஃபிஷ் ஷாக். சின்னக் கடை. அங்கே கேட்க வேண்டியது 'ஃபிஷ் கட்டர்'. கட்டர் என்றால் 'சால்ட் பிரெட்' என்கிற உருண்டை ரொட்டியைப் பிளந்து உள்ளே ஏதாவது வைப்பது. பெயர்தான் உப்பு ரொட்டி, உப்புக் கரிக்காது. சுடச்சுடப் பொரித்த மீன் துண்டு, மேலே சீஸ், கீரை, தக்காளி, வேண்டுமானால் ஒரு முட்டை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிடுங்கள். துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் வந்திருக்கிற நாளாக இருந்தால் பன்னிரண்டுக்கு முன்பே போய்விடுங்கள், பிறகு வரிசை வெயிலில் நிற்கும்.

கேள்வி: ஆய்ஸ்டின்ஸ் இப்போது முழுக்க சுற்றுலாக்காரர்களின் இடமாகிவிட்டது, போகவே வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?

உங்கள் நண்பர் பாதி சரி. சுற்றுலாக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள், எட்டு மணிக்கு மேல் நிற்க இடமிருக்காது, சாப்பாடு வர ஒரு மணி நேரம்கூட ஆகும். ஆனால் அதே வெள்ளிக்கிழமை அதே இடத்துக்கு ஊர்க்காரர்களும்தான் வருகிறார்கள். ஆறரைக்குப் போங்கள். முதலில் எதுவும் வாங்காமல் ஒரு சுற்று நடந்து வாருங்கள், எந்தக் கடையில் கரி அடுப்புப் பக்கத்தில் ஊர்ப் பெண்கள் தூக்குப் பாத்திரம் மாதிரி டப்பாக்களை நீட்டிக்கொண்டு நிற்கிறார்களோ அந்தக் கடை போதும். சொந்த வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் ஏமாற மாட்டார்கள்.

பலகையில் 'டால்ஃபின்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். அது மாஹி-மாஹி என்கிற மீனின் உள்ளூர்ப் பெயர், நீங்கள் நினைக்கிற டால்ஃபின் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முன்பே சொல்லி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் தட்டுக்கு முன்னால் அழுகை. மாஹி-மாஹி, மார்லின், சூரை மூன்றும் அநேகமாக இருக்கும், கரியில் வாட்டியது அல்லது பொரித்தது என்று கேட்பார்கள். வாட்டியதையே வாங்குங்கள். தைம், மார்ஜோரம், வெங்காயத் தாள், பூண்டு, எலுமிச்சை, மிளகாய் எல்லாம் அரைத்து மீனைக் கீறி உள்ளே திணித்திருப்பார்கள், பச்சை பச்சையாகத் தெரியும். கூட வருகிற தொட்டுக்கைகளில் மக்ரோனி பை கட்டாயம் கேளுங்கள்: சீஸ் போட்டு அடுப்பில் சுட்டுக் கத்தியால் துண்டு போடுகிற மக்ரோனி, ஓரம் கருகின துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அப்புறம், மேசையில் மஞ்சளாக ஒரு புட்டி இருக்கும். கடுகும் மஞ்சளும் ஸ்காட்ச் பானெட் மிளகாயும் சேர்த்தது. நமக்கெல்லாம் காரம் ஒரு பொருட்டா என்று தாராளமாக ஊற்றியவர்களில் நானும் ஒருவன். காரம் உடனே வராது, முதலில் ஒரு பழ வாசனைதான் வரும், அதில் ஏமாந்து இரண்டாவது கரண்டியும் போய்விடும். சொட்டு சொட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சத்தமான மேடைப் பக்கம் மட்டும் நிற்காதீர்கள். ஒரு ஓரத்தில் பெரியவர்கள் டாமினோ கட்டைகளை மேசை அதிர அறைந்து விளையாடுவார்கள். இன்னொரு பக்கம் பழைய பாட்டுக்கு வயதான ஜோடிகள் கை கோத்து ஆடுவார்கள், கால் தவறவே தவறாது. எனக்கு மீனைவிட அதுதான் நினைவில் நிற்கிறது.

போவதற்குத் தெற்குக் கடற்கரைச் சாலையில் எங்கே நின்றாலும் 11-ஆம் எண் போட்ட 'இசட்.ஆர்.' என்கிற தனியார் பயணிகள் வேன் வரும், ஆய்ஸ்டின்ஸ் வழியாகத்தான் போகும். பாட்டு அலறும், ஆளை அடைத்துத் திணிப்பார்கள், அதுவும் ஒரு அனுபவம். திரும்பும்போது டாக்சி என்றால் ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள், மீட்டர் கிடையாது. கூட்டமே ஆகாது என்றால் வடக்கே செயின்ட் லூசியில் ஹாஃப் மூன் ஃபோர்ட் பக்கம் வார இறுதியில் இதே மாதிரி மீன் வறுக்கிறார்கள், சின்ன அளவில், பெரும்பாலும் ஊர்க்காரர்கள்.

கேள்வி: தேசிய உணவு என்று பறக்கும் மீனைச் சொல்கிறார்கள். நாங்கள் போகும்போது கிடைக்குமா?

நாம் கோலா மீன் என்கிறோமே, அந்த இனம்தான். டிசம்பரிலிருந்து ஜூன் வரை பருவம், அதனால் மார்ச் நல்ல மாதம். ஆனாலும் எல்லா நாளும் எல்லாக் கடையிலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலையில் பெரில் புயல் அந்தத் தீவின் மீன்பிடிப் படகுகளில் நிறையவற்றை நொறுக்கிப் போட்டது, மீன் வரத்தும் முன்பு போல இல்லை. "இன்றைக்குப் பிடித்ததா, ஐஸ் பெட்டியிலிருந்தா" என்று கேளுங்கள், பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள்.

கூடவே வருவது 'கூ-கூ'. மக்காச்சோள மாவையும் வெண்டைக்காயையும் ஒரு தட்டையான மரத்துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்து இறக்குகிற களி. மேலே தக்காளி வெங்காயக் குழம்பில் வெந்த மீன். சரியாகக் கிண்டினது வழவழவென்று கிண்ணத்தின் வடிவிலேயே கவிழும், அவசரமாகக் கிண்டினதில் மாவுக் கட்டி பல்லில் மாட்டும். இதைச் சாயங்கால விருந்து ஓட்டல்களில் தேடாதீர்கள், மதிய நேரத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும், 'ரம் கடை' என்கிற சாப்பாடும் கிடைக்கிற சின்ன ஊர் மதுக்கடைகளிலும்தான் நன்றாக இருக்கும். அந்த மீனில் முள் ஏராளம், அதைக் கத்தி நுனியால் நீக்குவதே ஒரு கலை, ஈஸ்டர் வார இறுதியில் ஆய்ஸ்டின்ஸில் நடக்கும் மீன் திருவிழாவில் அதற்குப் போட்டியே வைப்பார்கள். மீன் கிடைக்காமல் போனாலும் கவலை இல்லை, சில்லறையாக வருகிற ஒரு டாலர் நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒன்று பறந்துகொண்டிருக்கும்.

கேள்வி: என் மாமியார் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அவர் பட்டினி கிடக்க நேருமா? போவதா வேண்டாமா என்பதே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பட்டினி கிடக்க மாட்டார், ஆனால் நீங்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருக்கும். சைவம் மாதிரி தெரிகிற சில சாப்பாடுகள் சைவம் இல்லை. முக்கியமாக 'ரைஸ் அண்டு பீஸ்'. துவரைப் பயறு போட்ட சோறுதானே என்று தட்டில் போட்டுக்கொள்வோம், அதில் பல வீடுகளிலும் கடைகளிலும் ருசிக்காக உப்புக் கண்டமோ பன்றி வாலோ சேர்த்து வேகவைப்பது வழக்கம். "இறைச்சி இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடும், ஏனென்றால் துண்டை எடுத்துவிட்டிருப்பார்கள். "எதைப் போட்டு வேகவைத்தீர்கள்" என்று கேளுங்கள். மக்ரோனி பையில் சிலர் முட்டை சேர்ப்பார்கள், சிலர் சேர்ப்பதில்லை, அதையும் கேட்டுவிட வேண்டும்.

பயமில்லாமல் சாப்பிட 'ஐட்டல்' என்ற வார்த்தையை நினைவில் வையுங்கள். ராஸ்தஃபாரி மார்க்கத்தாரின் சமையல், இறைச்சி கிடையாது, உப்புகூடக் குறைவு அல்லது இல்லை. பிரிட்ஜ்டவுனில் பகலில் இப்படிக் கடைகள் உண்டு: பயறு, பூசணி, ஈரப்பலா, கீரை, தேங்காய்ப் பால். உப்பில்லாததை உங்கள் மாமியார் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது, ஒரு சின்ன டப்பாவில் ஊறுகாய் கொண்டு போனால் சமாதானம் நிலவும்.

அவசரத்துக்கு செஃபெட். 1972-இல் தொடங்கிய உள்ளூர் துரித உணவுக் கடை, தீவெங்கும் கிளைகள், உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்த ரொட்டிச் சுருள் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், 1996-இல் மெக்டொனால்ட்ஸ் அங்கே வந்து கடை திறந்து ஆறே மாதத்தில் மூடிக்கொண்டு போய்விட்டது. செஃபெட் இன்றும் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் அதுவே போதும்.

கேள்வி: கல்யாண நாள் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்யலாம் என்றிருக்கிறோம். சூரியன் மறைவதைப் பார்த்தபடி சாப்பிட வேண்டும்.

அப்படியென்றால் மேற்குக் கரை. ஹோல்டவுனில் தி டைட்ஸ் கடலை ஒட்டியே இருக்கிறது. தெற்குப் பக்கம் என்றால் ராக்லியில் பாறை மேலே இருக்கும் சாம்பர்ஸ். இரண்டுமே முன்பதிவு இல்லாமல் போகிற இடங்கள் இல்லை, டிக்கெட் போட்ட வாரமே எழுதிவிடுங்கள். எழுதும்போது இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, கடலோரக் கைப்பிடியை ஒட்டிய மேசை. இரண்டு, நேரம். மார்ச்சில் ஆறு மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடுகிறது, ஏழரைக்கு மேசை வாங்கினவர்கள் கறுப்பாக இருக்கிற ஒரு கடலுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். அவ்வளவு சீக்கிரம் சாப்பாடு வேண்டாம் என்றால் முதலில் ஒரு பானத்தோடு உட்காருங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். கடற்கரை உடையோடு போகக் கூடாது. இன்னொன்று, ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை அந்த நாட்டில் சட்டப்படியே தடை, பிள்ளைகளின் அரைக்கால் சட்டைகளை வீட்டிலேயே பார்த்து எடுத்து வையுங்கள்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு? டாலர் கணக்கு குழப்புகிறது.

1 அமெரிக்க டாலருக்கு 2 பார்படோஸ் டாலர், 1975 முதல் அப்படியே. அமெரிக்க டாலரை எங்கும் வாங்குவார்கள், மீதி உள்ளூர்ப் பணமாக வரும். விலைப் பட்டியலில் எந்த டாலர் என்று பார்க்காமல் ஆர்டர் செய்யாதீர்கள், மேற்குக் கரையில் அது பெரிய வித்தியாசம். பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் 17.5 சதவீத வரி சேர்ந்ததா சேராததா என்றும், சேவைக் கட்டணம் உண்டா என்றும் இருக்கும். பெரும்பாலும் 10 சதவீதம் போட்டிருப்பார்கள், போட்டிருந்தால் அதற்கு மேல் கொடுப்பது உங்கள் இஷ்டம். ரம் கடையிலும் வண்டிக்கடையிலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அங்கே எதிர்பார்ப்பது வேறு: உள்ளே போனதும் "குட் ஆஃப்டர்நூன்" சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். அதைச் சொல்லாமல் "மீன் இருக்கா" என்று ஆரம்பித்தால் காது கேட்காத மாதிரி நிற்பார்கள்.

கேள்வி: பிள்ளைகள் குடிக்க உள்ளூர்ப் பானம் என்ன?

இளநீர். குழாய்த் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான், சுண்ணாம்புப் பாறை வழியாக வடிந்து வருவது, புட்டி வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். பெரியவர்களுக்கு மோபி, ஒரு மரப்பட்டையைக் கொதிக்கவைத்து வடித்துச் சர்க்கரை போட்டது. முதல் வாய் இனிக்கும், விழுங்கின பிறகு நாக்கின் அடியிலிருந்து கசப்பு ஏறும், உங்கள் முகம் போகிற போக்கைக் கடைக்கார அம்மா காத்திருந்து பார்ப்பார். ஐஸ் நிறையப் போடச் சொல்லுங்கள். ஆமாம், கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி ஒன்று உதிர்ந்து கிடந்தால் பிள்ளைகள் தொடவே கூடாது. மான்சினீல் மரம், பழம் பால் எல்லாமே விஷம், மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே தோல் வெந்துபோகும். பல மரங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், முதல் நாளே காட்டிக் கொடுத்துவிடுங்கள்.