பல் பிடுங்கிய அன்றே இம்ப்ளான்ட்: இடைவெளியில் எந்த எலும்புத்தூள்?

பிடுங்கிய முன்பல்லின் குழியிலேயே இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்வேர்) வைத்தால், அதற்கும் குழியின் உதட்டுப்பக்க எலும்புச் சுவருக்கும் நடுவே எதை நிரப்புவது என்பது கேள்வி. இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் என்றால் நிரப்பிவிடுங்கள்.

என் தேர்வு பயோ-ஆஸ் போன்ற மாட்டெலும்புத் துகள், 0.25–1 மி.மீ. அளவில். மிக மெதுவாகத்தான் கரையும். மெல்லிய சுவர் எப்படியும் தேயும்போது ஈறு உள்வாங்காமல் இதுதான் தாங்கும். (மாட்டெலும்பு என்று நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் சங்கடம்.) தானமாகப் பெற்ற மனித எலும்புத்தூள் சில மாதங்களில் சொந்த எலும்பாக மாறத் தொடங்கும், பருமன் குறையலாம். நோயாளியின் சொந்த எலும்புச் சீவலும் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற செயற்கைத் தூளும் இன்னும் சீக்கிரம் கரையும்.

துகளைச் சலைனிலோ குழி ரத்தத்திலோ நனைத்து, ஈரமணல் பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். இறுக்கி அடைத்தால் ரத்தக்குழாய் நுழைய வழியில்லை. சுவரே உடைந்திருந்தால் தூள் மட்டும் போதாது. தூளை மூடிக் காக்கும் மெம்பிரேன் (சவ்வு) வேண்டும், இல்லையேல் இம்ப்ளான்டைத் தள்ளிப்போடுங்கள்.