கோல்டன் அவர் இங்கே அரை மணிகூட இல்லை: மிரர்லெஸ் கேமரா கேள்வி-பதில்

கேள்வி: மரினா பேயில் மாலை வெளிச்சத்தில் எடுக்க நினைத்து மூன்று தடவை கோட்டை விட்டுவிட்டேன். யூடியூபில் 'கோல்டன் அவர்' என்னும் பொன்னிற வெளிச்சம் ஒரு மணி நேரம் என்கிறார்கள். நான் முக்காலியை விரித்து ஃபில்டர் மாட்டுவதற்குள் இருட்டிவிடுகிறது. எங்கே தப்பு? (வாசகர், செங்காங்)

பதில்: தப்பு உங்களுடையது அல்ல, அந்த வீடியோ எடுக்கப்பட்ட ஊருடையது. ஐரோப்பாவில் சூரியன் சரிந்து சரிந்து இறங்கும். பூமத்திய ரேகைக்கு 1.3 பாகை வடக்கில் இருக்கும் சிங்கப்பூரில் நமக்கு நேராக விழும். அடிவானத்துக்கு 6 பாகை மேலே இருக்கும்போதுதான் வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்குகிறது. அங்கிருந்து முழுதாக மறைய 27 முதல் 30 நிமிடம் ஆகும். மறைந்த பிறகு வானத்தில் நீலம் தங்குவது இன்னும் 21, 22 நிமிடம். மொத்தமே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்.

சூரியன் மறையும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் சுமார் 6.50, பிப்ரவரியில் சுமார் 7.20. ஆண்டு முழுவதும் இந்த அரை மணிக்குள்தான் ஆடுகிறது. ஆகவே ஆறு மணிக்கே இடத்தில் இருங்கள். சட்டகத்தை முடிவு செய்து, திரையில் பெரிதாக்கி ஒரு கட்டட விளிம்பில் குவியத்தை வைத்து, ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8. அதற்குப் பிறகு ஷட்டரை மட்டும்தான் தொட வேண்டும்.

சூரியன் மறைந்து 12 முதல் 20 நிமிடத்துக்குள் வானமும் கட்டட விளக்குகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வருகின்றன. நல்ல படம் அங்கேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் வானத்தின் வெளிச்சம் சுமார் 3 நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையும். கட்டட விளக்கு குறையாது. ஷட்டர் நேரத்தை இரண்டு மடங்காக்கிக்கொண்டே போனால் வானம் சரியாக இருக்கும், ஜன்னல்கள் வெளுத்துவிடும். ஹிஸ்டோகிராமின் (திரையில் தெரியும் வெளிச்ச வரைபடத்தின்) வலது ஓரத்தைப் பார்த்தபடி எடுங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று.

இடமும் முக்கியம். மெர்லயன் பக்கம் நின்றால் மரினா பே சேண்ட்ஸ் கிழக்கே இருக்கிறது, அதாவது அஸ்தமனம் உங்கள் முதுகுக்குப் பின்னால். வானளாவிகளுக்குப் பின்னே சிவந்த வானம் வேண்டுமென்றால் மரினா பராஜ் அணைக்குப் போங்கள். கரையோரப் பூந்தோட்டத்தில் 7.45 மணி ஒளிக்காட்சியை நீலத்தின் கடைசிச் சாயலோடு பிடிக்க ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம், ஜூலையும் பரவாயில்லை. நவம்பரில் அந்த நேரத்துக்கு வானம் கரிக்கட்டை.

கேள்வி: ஜூபிலி பாலத்தின் நடுவில் முக்காலி வைத்து 30 விநாடி எடுத்தேன். கட்டட விளிம்பெல்லாம் இரட்டையாகத் தெரிகிறது. கார்பன் முக்காலிதான். மாற்ற வேண்டுமா? (வாசகி, தோ பாயோ)

பதில்: வேண்டாம், ஆடுவது பாலம். ஒருவர் ஓடிக்கொண்டு கடந்தால் போதும், 30 விநாடியில் அந்த அதிர்வு பதிந்துவிடும். முடிந்தால் கரைக்கு வாருங்கள். பாலத்திலேயே வேண்டுமென்றால் தூணுக்கு நேர் மேலே நில்லுங்கள். இரண்டு தூணுக்கு நடுவில்தான் ஆட்டம் அதிகம்.

அதைவிட நல்ல வழி, ஒரே படத்தைத் துண்டு போடுவது. ஐஎஸ்ஓ 100இல் 30 விநாடி என்பதை ஐஎஸ்ஓ 800இல் 4 விநாடியாக்கி, எட்டு பத்து படம் எடுங்கள். ஆள் கடந்தபோது எடுத்தவற்றைத் தூக்கிவிட்டு மீதியை ஃபோட்டோஷாப்பில் அடுக்கிச் சராசரி எடுத்தால் தண்ணீர் வழவழப்பாகும், படத்தில் மணல்போலத் தெரியும் இரைச்சலும் ஐஎஸ்ஓ 100 அளவுக்கு இறங்கும். எட்டு படம் சேர்ந்தால் 32 விநாடி வெளிச்சம்தானே. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கழுத்துப் பட்டியைக் கழற்றிவிடுங்கள், 2 விநாடி டைமர் போடுங்கள். பழைய மாடல் கேமரா என்றால் உடலுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பை) அணையுங்கள். அசைவே இல்லாதபோது அதுவே சென்சாரை மெல்ல நகர்த்தக்கூடும்.

கேள்வி: தேக்காவில் இரவு எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுகின்றன. பகலில் இல்லை. சென்சார் போய்விட்டதா, அண்ணா? (வாசகர், ஈசூன்)

பதில்: சென்சார் நன்றாக இருக்கிறது. நீங்கள் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருப்பீர்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் குழல் விளக்கும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுகிறது. வேகமாகப் படிக்கப்படும் அடுக்குச் சென்சார் (ஸ்டாக்ட்) இல்லாத சாதாரண கேமராவில் ஒரு முழுப் படத்தைப் படிக்க 1/20 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் விளக்கு ஐந்து தடவை மங்கும், படத்தில் ஐந்து பட்டை. உங்கள் படத்தைத் திறந்து பட்டைகளை எண்ணுங்கள். எண்ணிக்கையை 100ஆல் வகுத்தால் உங்கள் கேமரா படிக்க எடுக்கும் நேரம் விநாடிக் கணக்கில் கிடைத்துவிடும்.

தீர்வு எளிது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருந்தால் போட்டுவிடுங்கள். கோயிலுக்குள் போன்ற இடத்தில் சத்தமே கூடாது என்றால் 1/100 அல்லது 1/50. ஒவ்வொரு வரியும் விளக்கின் முழுச் சுற்றையும் வாங்கிக்கொள்வதால் பட்டை மறையும். 1/125இல் லேசாகத் தெரியும், 1/500இல் வரிக்குதிரைதான்.

சிராங்கூன் சாலையின் தீபாவளி அலங்கார விளக்கும் கடை வாசல் எல்இடி திரையும் வேறு ரகம். பல இன்னும் வேகமாக விட்டு விட்டு எரிவதால் மெல்லிய கோடுகள் நெருக்கமாக விழும், 1/100 எப்போதும் காப்பாற்றாது. சில புதிய மாடல்களில் ஷட்டரை 1/102.3 என்பதுபோலத் தசமத்தில் நகர்த்தலாம். திரையில் கோடு மறையும்வரை திருகுங்கள். அந்த வசதி இல்லையென்றால் மெக்கானிக்கல் ஷட்டரோடு வேகத்தையும் குறையுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து கீழே இறங்கியதும் லென்ஸ் பனி படர்ந்ததுபோல் ஆகிறது. துடைத்தால் மறுபடியும் வருகிறது. (வாசகி, புக்கிட் பாத்தோக்)

பதில்: துடைக்காதீர்கள், பூச்சில் கீறல்தான் விழும். வெளிக்காற்றின் ஈரம் 24, 25 பாகை செல்சியஸில் நீராகப் படியத் தொடங்குகிறது. ஏர்கானில் 22 பாகைக்குக் குளிர்ந்த கண்ணாடி அதைவிடக் குளிர்ச்சி. கண்ணாடி சூடேறும்வரை பனி போகாது.

இரவில் ஏர்கான் ஓடும் படுக்கையறையில் கேமராவை வைக்காதீர்கள், கூடத்தில் வையுங்கள். அது முடியாதென்றால் அறைக்குள்ளேயே ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்து 20, 30 நிமிடம் கழித்துத் திறங்கள். ஈரம் பைக்கு வெளியே படியும். எம்ஆர்டி ரயிலிலும் பேரங்காடியிலும் பை மூடியே இருக்கட்டும். பனி படர்ந்திருக்கும்போது லென்ஸை மட்டும் கழற்றவே கூடாது, அந்த ஈரக்காற்று நேராகச் சென்சார் மீது போய் உட்காரும்.

கேள்வி: அப்பாவின் பழைய லென்ஸை அடாப்டர் வைத்து மாட்டினேன். உள்ளே சிலந்தி வலைபோல் ஏதோ தெரிகிறது. (வாசகர், சுவா சூ காங்)

பதில்: பூஞ்சணம். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். கிளைகிளையாகப் பிரிந்தால் பூஞ்சணம், தனித்தனிப் புள்ளியென்றால் தூசி. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் பரவியிருந்தால் விளக்கைப் பார்த்து எடுக்கும்போது மங்கல் வரும். சுத்தம் செய்யலாம். ஆனால் பூச்சை அரித்திருந்தால் தடம் நிற்கும். கூலி லென்ஸின் விலையைத் தாண்டுமா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். அதுவரை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம்.

நம் ஊர் ஈரத்துக்கு டிரை கேபினெட் (ஈரப்பதத்தைக் குறைத்துவைக்கும் மின் அலமாரி) ஆடம்பரமல்ல. 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். 35க்குக் கீழே போனால் ரப்பரும் மசகும் காயும் என்பதால் அதுவும் வேண்டாம். ஒரு கேமரா, ஒரு லென்ஸ் மட்டும் என்றால் காற்றுப் புகாத உணவு டப்பா, கைப்பிடி சிலிக்கா ஜெல், சிறு ஈரமானி போதும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஓவனில் 120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து உலர்த்தலாம். தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டிவைப்பதுதான் பூஞ்சணத்துக்கு விருந்து.

கேள்வி: தெருப்படத்துக்கு ஆட்டோஃபோகஸ் வேண்டாம், 'ஜோன் ஃபோகஸ்' போடு என்கிறார்கள். என் லென்ஸில் தூர அளவே அச்சிடவில்லை. (வாசகர், பிடோக்)

பதில்: ஜோன் ஃபோகஸ் என்றால் குவியத்தை ஒரே தூரத்தில் நிறுத்திவிட்டு, தெளிவாகத் தெரியும் எல்லைக்குள் வருவதை எடுப்பது. முதலில் கணக்கு. ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய சென்சாரில் 35 மி.மீ லென்ஸ், எஃப் 8, குவியம் 2.5 மீட்டரில் வைத்தால் 1.7 மீட்டரிலிருந்து 4.8 மீட்டர்வரை தெளிவாக இருக்கும். ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சாரில் 23 மி.மீ அதே பார்வைக் கோணத்தைத் தருகிறது, தெளிவோ 1.4 முதல் 10 மீட்டர்வரை. இந்த வேலைக்குச் சிறிய சென்சார்தான் உசத்தி. 2.5 மீட்டர் என்பது சாதாரண நடையில் மூன்றரை எட்டு.

உங்கள் லென்ஸில் வளையம் மின்சாரத்தில் குவியத்தை நகர்த்துகிறது, அதனால்தான் அச்சு இல்லை. மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றினால் பெரும்பாலான கேமராக்கள் திரையில் தூரக்கோடு காட்டும். சிக்கல் எங்கே என்றால், கேமராவை அணைத்தாலோ அது தூங்கிவிட்டாலோ பல லென்ஸ்கள் இருந்த இடத்தை மறந்துவிடும். தூங்கும் நேரத்தை நீட்டிவையுங்கள், கூடுதல் பேட்டரி ஒன்று எடுத்துச் செல்லுங்கள், எழுப்பியதும் கோட்டை ஒருமுறை பாருங்கள். வளையத்தைப் பின்னே இழுத்தால் அச்சிட்ட அளவு தெரியும் லென்ஸ்களும் உண்டு. ஃபுஜியின் 14 மி.மீ எஃப் 2.8, பழைய 23 மி.மீ எஃப் 1.4, ஒலிம்பஸின் 17 மி.மீ எஃப் 1.8 அந்த வகை.

ஷட்டர் 1/250க்குக் குறைய வேண்டாம், ஐஎஸ்ஓ ஆட்டோவில் 6400வரை விடுங்கள். டன்லப் ஸ்திரீட் வெயிலிலிருந்து ஐந்தடிப் பாதை நிழலுக்கு ஓரடி வைத்தால் மூன்று நான்கு ஸ்டாப் குறையும், கையால் மாற்ற நேரமிருக்காது.

இருட்டியதும் இந்த முறையை மூட்டை கட்டிவிடுங்கள். அதே 35 மி.மீ, எஃப் 2இல் 2.5 மீட்டருக்குத் தெளிவு 60 செ.மீ மட்டுமே. இன்றைய மிரர்லெஸ்ஸின் முகமறியும் ஃபோகஸ் அந்த நேரத்தில் உங்களைவிடக் கெட்டி.

கேள்வி: நண்பகலில் போலரைசர் (பளபளப்பைக் குறைத்து வானத்தைக் கறுக்கவைக்கும் ஃபில்டர்) பயன்படுமா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: நன்றாகவே. சூரியனுக்கு 90 பாகையில் இருக்கும் வானம்தான் அதிகம் கறுக்கும். இங்கே உச்சி என்பது 12 மணியல்ல, ஏறக்குறைய ஒரு மணி. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலும் அந்த நேரத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே, ஆகவே அடிவானத்தைச் சுற்றி எந்தத் திசையிலும் வானம் சமமாகக் கறுக்கும். காலை மாலையில் அப்படியில்லை. வடக்கோ தெற்கோ பார்த்து 16 மி.மீ அகலக்கோணத்தில் எடுத்தால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகும். 24 மி.மீக்கு மேல் போங்கள், அல்லது வளையத்தைப் பாதி திருப்பி நிறுத்துங்கள்.

போலரைசரின் உண்மையான வேலை மழைக்குப் பிறகு மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில். ஈர இலைகளின் வெள்ளைப் பளபளப்பு போய்ப் பச்சை வெளியே வரும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும், காட்டுக்குள் முக்காலி வேண்டியிருக்கும். புகைமூட்டத்துக்குப் பெரிய மருந்து என்று நம்பி வாங்காதீர்கள்.

கேள்வி: கோப்பிக்கடையில் அங்கிள்களைக் கேட்காமல் எடுக்கலாமா? போலீஸ் பிரச்சினை வருமா? (வாசகர், அங் மோ கியோ)

பதில்: பொது இடத்தில் படம் எடுப்பது பொதுவாகக் குற்றமல்ல. ஆனால் 'பாதுகாக்கப்பட்ட இடம்' என்று பலகை வைத்த வளாகங்களை அனுமதியின்றி எடுப்பது 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகலாம். தொந்தரவு செய்யும் விதமாக ஒருவரைத் தொடர்ந்து எடுத்தால் 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பேரங்காடியும் கோப்பிக்கடையும் ஒருவருடைய இடம், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டியதுதான்.

சட்டத்தைவிட முறை பெரிது. கோப்பி வாங்கி உட்கார்ந்து, கேமராவை மேசைமேல் எல்லாரும் பார்க்க வையுங்கள். ஒளித்து இடுப்பிலிருந்து எடுப்பதுதான் சண்டையை இழுக்கும். "அங்கிள், ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டபின் அவர் விறைத்துக்கொண்டு போஸ் கொடுப்பார். அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் கழித்து அவர் மறுபடி பேப்பரில் மூழ்கும்போது எடுப்பதுதான் உங்கள் படம். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் ஓய்வெடுக்கும் ஊழியர்களை, குறிப்பாகத் தூங்குகிறவர்களை, எடுக்காமல் விடுவது நம் கருத்து. கோயிலில் அலுவலகத்தில் கேளுங்கள், கருவறைப் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம்.

கேள்வி: எஃப் 16இல் வானத்தில் சாம்பல் புள்ளிகள். எஃப் 4இல் இல்லை. (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: சென்சார் தூசி. துளை சிறுத்தால் அதன் நிழல் கூர்மையாகும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் பிளோவரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் புள்ளி சேரும், அழுத்தக் காற்றுக் குப்பி ஈரத்தைத் துப்பும். போகாவிட்டால் சென்சார் அகலத்துக்கேற்ற ஈரத் துடைப்பான், ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ, ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. திரவம் இரண்டு சொட்டு, ஒரு பக்கத்தால் ஓர் இழுப்பு, மறுபக்கத்தால் திரும்ப ஓர் இழுப்பு, பிறகு குப்பையில். அதையே இன்னொரு முறை தேய்க்காதீர்கள். நிலக்காட்சிக்கு எஃப் 8, எஃப் 11 போதும். 16இல் தூசியும் தெரியும், ஒளி விளிம்பு விலகலால் படமும் மென்மையாகும்.