கியோஸ் தீவின் கீறல்கள்

வணக்கம் ஐயா,

கிரேக்கத்தின் கியோஸ் தீவில் இருக்கும் பிர்கி கிராமத்தின் படங்களைப் பார்த்தேன். வீடுகள் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். அழகுதான். ஆனால் இதெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்து வைத்த அலங்காரம்தானே? உண்மையான நாட்டார் கலை அங்கே மிச்சம் இருக்கிறதா?

க.

அன்புள்ள க.,

இருக்கிறது. நீங்கள் படத்தில் பார்த்ததே அதுதான். அது பெயிண்ட் இல்லை. ‘க்சிஸ்தா’ என்பார்கள். சுண்ணாம்பில் கருமணல் கலந்து சுவரில் பூசி, மேலே வெள்ளையடிக்கிறார்கள். அது காய்வதற்குள் முக்கோணம், வட்டம், சாய்சதுரம் என்று அளந்து கோடு போட்டு, முள்கரண்டியால் வெள்ளையைச் சுரண்டி எடுக்கிறார்கள். சுரண்டிய இடத்தில் அடியிலுள்ள கறுப்பு தெரியும். ஈரம் போய்விட்டால் வேலை நடக்காது. பால்கனியின் அடிப்பக்கத்தைக்கூட விடுவதில்லை.

ஆனால் சுவரைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மஸ்தகி மரம். நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று கேட்டால் கொடுக்கிறார்களே, அந்தப் பிசின். தீவின் தெற்கே 24 கிராமங்கள் இதை நம்பி வளர்ந்தவை; பிர்கியும் அதில் ஒன்று. கோடை தொடங்கும்போது மரத்தடியைப் பெருக்கிச் சமன் செய்து, வெள்ளைச் சுண்ண மண்ணைப் பரப்புகிறார்கள். ஜூலையில் பட்டையைச் சின்னச் சின்னதாகக் கீறுகிறார்கள். பிசின் சொட்டுச் சொட்டாக அந்த மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரத்தில் கெட்டிப்படும்.

அப்புறம்தான் பெரிய வேலை. பொறுக்கியதைச் சலித்து, கழுவி, உலர்த்தி, குளிர்காலம் முழுக்கப் பெண்கள் கூடி உட்கார்ந்து, சின்னக் கத்தியால் ஒவ்வொரு மணியிலும் ஒட்டிய மண்ணைச் சுரண்டுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத மாதங்கள் அவை. யாருக்குக் காட்டுவதற்காக அதைச் செய்கிறார்கள், சொல்லுங்கள்?

இந்த அறிவை யுனெஸ்கோ 2014-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல விஷயம்தான். ஆனால் என்னைக் கேட்டால், 1938-ல் தொடங்கி இன்றும் விவசாயிகளிடம் பிசினை வாங்கி விற்கும் கூட்டுறவுச் சங்கம்தான் இந்தத் தொழிலை நிற்கவைத்தது. கைக்குக் காசு வராமல் யாரும் ஒரு குளிர்காலம் முழுக்க மண் சுரண்ட மாட்டார்கள்.

என் கவலையெல்லாம் பயணிகளைப் பற்றி அல்ல, தீயைப் பற்றி. 2012 ஆகஸ்டில் பரவிய காட்டுத்தீயில் ஏராளமான மஸ்தகி மரங்கள் கருகின. புதுக் கன்று நட்டால் பிசின் எடுக்கவே ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். நல்ல விளைச்சலுக்கு அதற்கும் மேல்.