வாசகர் கேள்வி-பதில்: சைக்கிள் செயினுக்கு எண்ணெய் எங்கே போட வேண்டும்?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், சென்ற ஆண்டு பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் நாள்தோறும் போகவர 14 கிலோமீட்டர் ஓட்டுகிறான். செயின் கிரீச்சிடுகிறது என்று வாரந்தவறாமல் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறேன். இரண்டு நாள் சத்தம் அடங்கிவிட்டு, பிறகு முன்னைவிட அதிகமாகக் கேட்கிறது. செயின் முழுவதும் கறுப்பாகப் பிசுபிசுக்கிறது. காற்சட்டையின் கால்பகுதியும் பாழாகிறது. நான் செய்வதில் என்ன தவறு?
— ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: வாரந்தவறாமல் கவனிக்கிறீர்களே, அது பெரும்பாலோர் செய்யாத வேலை. தவறு இருப்பது எண்ணெயின் வகையிலும், அது போய்ச் சேரும் இடத்திலும்தான்.

செயினை அருகில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் இரு பக்கத் தகடுகளையும் இணைக்கும் சிறு தண்டு ஒன்று இருக்கும். அதை ஊசி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊசியைச் சுற்றி புஷ் எனப்படும் ஒரு சிறு குழல், புஷ்ஷைச் சுற்றித் தளர்வாகச் சுழலும் ஓர் உருளை என, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பாகங்கள் அங்கே அடங்கியிருக்கின்றன. செயின், பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஊசி புஷ்ஷுக்குள் சற்றே திரும்புகிறது, உருளை புஷ்ஷின் மேல் உருள்கிறது. உராய்வும் தேய்மானமும் சத்தமும் பிறப்பது இந்த மயிரிழை இடைவெளிகளில்தான் என்பதால், எண்ணெய்க்கு வேலை இருப்பதும் அங்கே மட்டும்தான். வெளியே தகடுகளின் மேல் மினுமினுக்கும் எண்ணெய், துருவை ஓரளவு தடுப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாமல், சாலைப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எண்ணெயும் நுண்மணலும் சேர்ந்த அந்தக் கறுப்புப் பசை, சாணைக்கல்லில் தேய்ப்பதைப் போலச் செயினை அரிக்கும். வாரந்தோறும் அதன் மேலேயே புது எண்ணெய் ஊற்றும்போது, வெளியே இருக்கும் மணலை உருளைகளுக்குள் நீங்களே கழுவி இறக்குகிறீர்கள். இரண்டு நாள் அமைதிக்குப் பின் சத்தம் கூடுவதற்குக் காரணம் இதுவே.

தேங்காய் எண்ணெயைப் பொறுத்தவரை, மற்றச் சமையல் எண்ணெய்களைவிட அது மெதுவாகத்தான் பிசினாகும் என்றாலும், ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியலில் புட்டியில் உறைவது செயினிலும் உறையும். தலைக்கு வைத்துக்கொள்வதோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

இனி, சுத்தம் செய்யும் முறை. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, கீழே பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். முதலில் உலர்ந்த பழைய பனியன் துணியால் கீழ்ப்பக்கச் செயினைச் சுற்றிப் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால், அழுக்கில் பாதி துணியோடு வந்துவிடும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: பின்னோக்கிச் சுற்றும்போது கீழ்ப்பக்கச் செயின், பெடல் பக்கம் இருக்கும் பெரிய செயின் வீலை நோக்கி ஓடுவதால், துணி பிடித்த கை பின்சக்கரப் பக்கமாகவே இருக்க வேண்டும், சக்கரம் வேகமாகச் சுழலும்போது விரலை அருகில் கொண்டுபோகவே கூடாது. சைக்கிள் கடைகளில் விரல் நுனி நசுங்கிய பையன்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துக் கண்ணி கண்ணியாகத் தேய்க்க வேண்டும். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்ட ஊர்களில் டீசல் போதும். பெட்ரோல் மட்டும் வேண்டாம்; அதன் ஆவி தரையோடு பரவி, சமையலறை அடுப்பு வரைகூடப் போய்த் தீப்பற்றக்கூடியது. எதைப் பயன்படுத்தினாலும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்க்க வேண்டுமே தவிர, மேலிருந்து ஊற்றக் கூடாது. ஊற்றினால் அது பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் இறங்கி, அங்கே இருக்க வேண்டிய மசகையும் கரைத்துவிடும். ஃப்ரீவீல் பற்களின் இடுக்குகளில் அப்பியிருக்கும் அழுக்கை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால், சுத்தமான செயின் முதல் சுற்றிலேயே மீண்டும் கறுத்துவிடும். தேய்த்து முடித்ததும் நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் என்றால் ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். டீசல் மெதுவாகவே உலரும் என்பதால் ஓர் இரவு விடுவது நல்லது. உள்ளே ஈரம் எஞ்சியிருந்தால், நீங்கள் விடும் புது எண்ணெய் அதில் கரைந்து நீர்த்துப்போகும்.

எண்ணெய் விடுவதற்கு, மெல்லிய மூக்குள்ள தையல் இயந்திர எண்ணெய்க் குப்பி மிகவும் வசதி. தொடங்கும் கண்ணியில் ஒரு நூலைக் கட்டிவிட்டு, கீழ்ப்பக்கச் செயினின் மேற்புறத்தில், ஓர் உருளைக்கு ஒரு சொட்டு என்று விட்டுக்கொண்டே, நூல் திரும்பி வரும்வரை பெடலை மெல்லப் பின்னோக்கிச் சுற்றுங்கள். சாதாரண சைக்கிளில் ஏறத்தாழ நூறு கண்ணிகள் இருக்கும். நூறு சொட்டு என்பது ஒரு தேக்கரண்டி அளவுதான். நீங்கள் இதுவரை ஒரு தடவைக்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போதுதான் முக்கியமான வேலை வருகிறது. பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். கால் மணி நேரம் எண்ணெய் உள்ளே இறங்க விட்டு, உலர்ந்த துணியால் செயினின் வெளிப்புறம் முழுவதையும், இனித் துணியில் ஒட்ட ஒன்றும் இல்லை என்னும் அளவுக்குத் துடைத்தெடுங்கள். போட்ட எண்ணெயையே துடைக்கிறோமே என்று கை கூசும். துணியில் வருவது வேலையற்ற எண்ணெய்; வேலை செய்யும் எண்ணெய் துணிக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. உங்கள் மகனின் சீருடையைக் காப்பாற்றப் போவதும் இந்தத் துடைப்புதான்.

வாரத்துக்கு 70 கிலோமீட்டர் என்றால், வறண்ட நாட்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் போதும். மழையில் நனைந்த அன்று மட்டும் கணக்குப் பார்க்காமல், துடைத்து உலர்த்தி உடனே விட்டுவிட வேண்டும்.

கேள்வி: பைக்கில் இருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயில்தான் செயினுக்கு நல்லது என்கிறார் எங்கள் தெரு மெக்கானிக். டபிள்யூ.டி-40 அடித்தால் போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. வடித்த ஆயிலில் எஞ்சினின் கரியும் உலோகத் துகள்களும் கலந்திருக்கும். எஞ்சினுக்கே ஆகாது என்று வெளியேற்றியதைச் செயினுக்குக் கொடுப்பதில் சிக்கனம் இருக்கலாம், நியாயம் இல்லை; அதைக் கையில் பூசிக்கொள்வது தோலுக்கும் நல்லதன்று.

டபிள்யூ.டி-40 என்ற பெயரே அதன் வேலையைச் சொல்கிறது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஏவுகணையின் உலோகப் பரப்பைத் துருவிலிருந்து காப்பதற்காக, நீரை விலக்கும் (வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், சுருக்கமாக டபிள்யூ.டி) கலவை ஒன்றைத் தேடிய நாற்பதாவது முயற்சியில் கிடைத்தது அது. மழையில் நனைந்த செயினில் ஈரத்தை விரட்டவும், இறுகிய திருகைத் தளர்த்தவும் அருமையானது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால், நாள்தோறும் ஓடும் செயினுக்கு நீடித்த மசகாகாது. அடித்தால், உலர்ந்தபின் எண்ணெயும் விட வேண்டும்.

என் பழக்கத்தைக் கேட்டால், கோடையில் தையல் இயந்திர எண்ணெய். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது எளிதில் கழுவப்பட்டுவிடும் என்பதால், பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில், புதியது. கிரீஸ் வேண்டாம்; அதன் கெட்டித்தன்மையால் உருளைக்குள் இறங்காமல் வெளியிலேயே நின்றுவிடும்.

கேள்வி: கடற்கரையை ஒட்டிய வீடு. இரண்டு மாதம் ஓட்டாமல் வைத்ததில் செயின் முழுவதும் துரு. புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கலாமா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி பொருந்தும், செயினுக்குப் பொருந்தாது. அமிலம் துருவைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் புஷ்ஷுக்குள் புகுந்த புளித்தண்ணீரை முழுவதுமாகக் கழுவி எடுக்க முடியாது. அங்கே தங்கி அது மேலும் துருவை வளர்க்கும். வினிகரும் எலுமிச்சையும் இதே கதைதான்.

செயினைக் கழற்றுவதே இங்கு நல்லது. கண்ணிகளில் ஒன்றில் மட்டும், மீன் வடிவத்தில் ஒரு சிறு செயின் லாக் இருக்கும். குறடால் அதைத் தள்ளினால் செயின் பிரிந்துவிடும். அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் மண்ணெண்ணெயோடு செயினைப் போட்டு மூடிக் குலுக்கி, ஓர் இரவு ஊறவிட்டு, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும். கலங்கிய மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் இரண்டு நாள் அப்படியே வைத்தால், வண்டல் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம். லாக்கைத் திரும்ப மாட்டும்போது, அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். அதாவது மேல்பக்கச் செயினில் முன்சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால், எதிலாவது உரசி நடுவழியில் கழன்றுவிடும்.

எண்ணெய் விட்டபின் ஒவ்வொரு கண்ணியையும் விரலால் மடக்கிப் பாருங்கள். தகட்டின் மேல் மட்டும் இருந்த துரு பொருட்டன்று. மடங்க மறுக்கும் கண்ணிகள் பல இருந்தால், செயினை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முழுச் செயின் கவர் போட்ட லேடீஸ் சைக்கிளுக்கு இவ்வளவும் தேவையா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தேவை, ஆனால் அரிதாக. மூடியிருப்பதால் புழுதி குறைவு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கவரைக் கழற்றிச் செய்தால் போதும்.

கேள்வி: செயின் இழுத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். எஃகுச் செயின் எப்படி இழுபடும்? அவர் சொல்வதை நம்பலாமா?
— ஒரு மாணவர், திண்டுக்கல்

பதில்: தகடுகள் இழுபடுவதில்லை. ஊசியும் புஷ்ஷும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் சிறிது இடம் விட்டுப்போவதால் மொத்த நீளம் கூடுகிறது. அதைத்தான் இழுத்துவிட்டது என்கிறார்கள். கடைக்காரரை நம்புவதற்கு முன் டேப்பால் நீங்களே அளந்துவிடலாம். சைக்கிள் செயினில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே சரியாக அரை அங்குலம். ஆகவே ஓர் ஊசியின் நடுவில் தொடங்கினால், அதற்கடுத்த இருபத்து நான்காவது ஊசியின் நடுப்பகுதி 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். அது ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. மூன்று மில்லிமீட்டர் தாண்டியிருந்தால், நீண்ட செயினுக்கேற்பத் தேய்ந்துபோன ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். மாற்றாவிட்டால், தேய்ந்த பற்களின் மேல் புதுச் செயின் குதிக்கும்.

அளவு சரியாக இருந்து தொய்வு மட்டும் தெரிந்தால், பின்சக்கர நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, கீழ்ப்பக்கச் செயின் நடுவில் அரை அங்குலம் மேலும் கீழும் ஆடும்படி வைத்து முடுக்கிக்கொள்ளுங்கள்.