காரின் பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் வீட்டிலேயே மாற்ற முடியுமா?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார். காலையில் செல்ஃப் அடித்தாலும் உடனே ஸ்டார்ட் ஆவதில்லை, பாலம் ஏறும்போது இழுக்க மாட்டேன் என்கிறது. பம்ப், ஃபில்டர் இரண்டும் போய்விட்டது, டேங்க்கை இறக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். நாமே மாற்றிக்கொள்ளலாமா என்பது கேள்வி.

மாற்றலாம். நான் பாபநாசம் பக்கம், மெக்கானிக் இல்லை. ஒரே காருக்கு ஏழு மாத இடைவெளியில் இரண்டு முறை பம்ப் மாற்றியிருக்கிறேன். இரண்டாவது முறை மாற்ற வேண்டி வந்ததற்கு பம்ப் காரணமில்லை, டேங்க்கின் அடியை நான் சுத்தம் செய்யாமல் விட்டதுதான் காரணம். அதனால் கழற்றி மாட்டுவதைவிட அந்த அடிப்பகுதியைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகச் சொல்லப் போகிறேன்.

வயலில் ஃபில்டர் பாயின்ட் (அடியில் வடிகட்டிக் குழாய் இறக்கிய போர்) வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். அடியில் இருக்கும் ஃபில்டர் மணலால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் குறையும், பம்ப் சூடேறி சீல் போகும். அப்போது மேலே இருக்கும் பம்பை மட்டும் சரிசெய்து மாட்டி என்ன பயன்? காரிலும் இதே கதைதான். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி உட்கார்ந்திருக்கிறது. அதன் வாயில் வலைப்பை மாதிரி ஒரு வடிகட்டி. அதைத் தாண்டி வரும் பெட்ரோல் மோட்டாருக்குள் புகுந்து, அதைக் குளிர வைத்து, பிறகு நுண்ணிய ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குப் போகிறது. பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் சுமார் 3 பார், அதாவது 44 பிஎஸ்ஐ அளவு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அதிகம். வலை அடைத்தாலும் சரி, டேங்க் அடிக்கடி காலியாகக் கிடந்தாலும் சரி, பம்ப் சூட்டிலேயே தேய்ந்து போகும். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு இருநூறு ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது கால் டேங்க்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

மோட்டார் பெட்ரோலுக்குள் சுழல்கிறதே, தீப்பிடிக்காதா என்று என் மாமா கேட்டார். நல்ல கேள்வி. எரிவதற்குக் காற்று வேண்டும். பம்புக்குள் பெட்ரோல் மட்டும்தான் இருக்கிறது, காற்று இல்லை. அதே பம்பை வெளியே எடுத்துவைத்து, பெட்ரோல் ஈரம் காயாத நிலையில் பேட்டரி வயரைத் தொட்டுச் சோதித்தால் நிலைமை வேறு. அதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

முதலில் போயிருப்பது பம்ப்தானா என்று பாருங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், ஸ்டார்ட் செய்யாமலே, பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று விநாடி ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒருவரைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். சத்தமே இல்லையென்றால் பியூஸைப் பாருங்கள். அப்புறம் ரிலே, அதாவது பம்புக்குக் கரன்ட் விடும் சுவிட்ச். பல கார்களில் ஹாரன் ரிலேவும் பம்ப் ரிலேவும் ஒரே வகைதான், இடம் மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும். பிறகு பம்பின் வயர் இணைப்பான கப்ளரில் மல்டிமீட்டர் வைத்து, சாவி போட்ட அந்த இரண்டு விநாடியில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கரன்ட் வந்து, எர்த்தும் சரியாக இருந்து, பம்ப் சுற்றவில்லை என்றால்தான் பம்ப் போயிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒருவருக்குப் பம்ப் போய்விட்டது என்று சொல்லி புதிதே வாங்க வைக்க இருந்தார்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் வயரை எலி கடித்திருந்தது. அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வந்துவிடும், நிறுத்தி வைத்திருக்கும் கார் அவற்றுக்கு நல்ல இடம். தை, மாசியில் திடீரென்று கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நான் முதலில் வயரைத்தான் பார்ப்பேன்.

உங்கள் வண்டியில் சத்தம் வருகிறது, ஆனால் மேட்டில் இழுக்கவில்லை என்றால் ஃபில்டரோ வலையோ அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பிரஷர் கேஜ் கிடைத்தால் மாட்டிப் பார்த்துவிடுங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். நடுவழியில் பம்ப் நின்றுவிட்டால் டேங்க்கின் அடியில் ரப்பர் செருப்பால் நாலு தட்டு தட்டி, சாவி போட்டுப் பாருங்கள். மோட்டாருக்குள் கரன்ட் கடத்தும் பிரஷ் தேய்ந்த பம்ப் சில சமயம் எழுந்து, வீடு வரை கொண்டு வந்து சேர்க்கும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

இடம் பற்றி ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் இரண்டாவது முறை கழற்றியது திருக்கார்த்திகை அன்று. மழை இரண்டு நாள் விட்டிருந்ததால் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று தொடங்கினேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து, பள்ளம் பார்த்துத் தேங்கும். வாசலில் அகல் வைப்பதும் தரையில்தான். இதை யோசித்ததும் காரை வாசலிலிருந்து களத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடியாவிட்டால் மூடிவைத்துவிட்டு மறுநாள் பார்ப்பது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தேன். வெந்நீர் அடுப்பு, மாட்டுக்குப் போடும் மூட்டம், பீடி, சாமி அறை ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. உலர்ந்த மணல் இரண்டு வாளி, முடிந்தால் பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும். வெளிச்சத்துக்குக் குண்டு பல்பு வேண்டாம், தலையில் மாட்டும் எல்ஈடி விளக்கு போதும்.

டேங்க்கில் கால் பங்குக்குக் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது தொடங்குங்கள். பம்ப் பியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓட விட்டால் லைனில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானே நின்றுவிடும். இன்னும் இரண்டு முறை செல்ஃப் அடித்தால் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். பின்சீட்டைத் தூக்கி அடியில் மூடித் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டேங்க்கை இறக்க வேண்டியதே இல்லை. சில வண்டிகளில் இருக்காது, அப்படியானால் டேங்க்கை இறக்கத்தான் வேண்டும், அதைத் தனி ஆளாகச் செய்யாதீர்கள்.

தகட்டை எடுத்ததும் உள்ளே ஒரு மரக்கால் புழுதி இருக்கும். சைக்கிள் பம்பால் ஊதி, துணியால் துடைத்து எடுத்த பிறகே மேற்கொண்டு தொடுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் டேங்க்குக்குள் போகும். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கப்ளரையும் குழாய்களையும் கழற்றுங்கள். குழாய் முனையில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், மீதிப் பெட்ரோல் பீச்சும். பம்பை டேங்க்கோடு பிடித்திருக்கும் வளையமான லாக் ரிங்கைச் சுற்ற இரும்பு உளி வைத்து அடிக்க வேண்டாம், பொறி பறக்கும். பூவரசங் கட்டையை உளி மாதிரி சீவி, மரச் சுத்தியால் தட்டினேன், நகர்ந்துவிட்டது. பம்ப், வலை, மிதவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மாட்யூலை நேராகத் தூக்காமல் சாய்த்து எடுத்தால் மிதவைக் கம்பி வளையாது. அது வளைந்தால் பெட்ரோல் முள் தப்பாகக் காட்டும்.

இப்போது டேங்க்குக்குள் விளக்கடித்துப் பாருங்கள். சித்திரையில் முதல் பம்ப் மாற்றியபோதே என் டேங்க்கின் அடியில் பழுப்பாக ஒரு படிவு தெரிந்தது. வெயிலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று மூடிவிட்டேன். ஐப்பசி அடைமழையில் கார் வெளியே நின்றது. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்ததை நான் பார்க்கவில்லை. கார்த்திகை பிறந்ததும் பழைய தொந்தரவு திரும்ப வந்துவிட்டது.

அந்த அடிப் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்தேன். கீழே இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தனியாக ஒரு படலம், அதில் துருத் தூள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், 2022-ல் 10 சதவீதம், 2025-ல் 20 சதவீதம் என்று வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலோடு கலந்தே எரிந்து போய்விடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்பின் வாய் இருப்பதும் அதே அடியில்தான். இரும்பு டேங்க் என்றால் துருப் பிடிப்பதும் அங்கேதான். புது பம்ப் ஏழு மாதம் குடித்தது இந்தக் கலவையைத்தான்.

பெட்ரோலைக் கை பம்பால் இறைத்து எடுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். நூல் உதிராத பருத்தித் துணியால் அடியை நாலைந்து முறை துடைத்து எடுங்கள். துருத் தூளுக்கு நூலில் கட்டிய காந்தம். வாக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம், அதன் மோட்டார் பொறியே ஆவியைப் பற்ற வைக்கும். எடுத்த அழுக்குப் பெட்ரோலை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். நம் வாய்க்கால் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போகிறது. கேனில் மூடி, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடலாம்.

மாட்யூலை முழுசாக வாங்கினால் வேலை சுலபம், விலை அதிகம். மோட்டாரை மட்டும் வாங்குவதானால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், வண்டியின் சேசிஸ் நம்பரும் வேண்டும். வலைப்பையும், மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் கட்டாயம் புதிது. உள்ளே போடும் சின்ன ரப்பர் குழாய் பெட்ரோலில் மூழ்கியே கிடக்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரணப் பெட்ரோல் குழாய் உள்ளுக்கு மட்டும்தான் தாங்கும், வெளிப்புறமும் நனைந்தால் ஊறிப்போய்க் கழன்றுவிடும். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் பசை கரைந்து வயர் தனியாக வந்துவிடும். மூடிக்குச் சிலிக்கான் பேஸ்ட் தடவுவதும் அப்படித்தான், அது கரைந்து வலையில் போய் ஒட்டும்.

ஃபில்டர் வண்டிக்கு அடியில் தனியாக இருந்தால் அது பத்து நிமிட வேலை. மேலே இருக்கும் அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். புதிய வண்டிகளில் பலவற்றில் அது மாட்யூலுக்குள்ளேயே இருக்கும்.

டீசல் கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். ஃபில்டர் மாற்றுவது, தண்ணீர் வடிப்பது, ஆயில் இன்ஜினுக்குச் செய்வது மாதிரி காற்றை வெளியேற்றுவது வரை நீங்களே செய்யலாம். இப்போதைய டீசல் கார்களில் இருக்கும் காமன் ரெயில் இன்ஜினின் உயர் அழுத்தப் பம்பை மட்டும் தொடாதீர்கள். அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். கசிவைக் கையால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரிடும்.

எல்லாம் மாட்டியதும் சீட்டைப் போடாமல், பத்து லிட்டராவது புதுப் பெட்ரோல் ஊற்றி, பேட்டரியையும் பியூஸையும் மாட்டுங்கள். செல்ஃப் அடிக்காமல் சாவியை ஐந்தாறு முறை ஆன், ஆஃப் செய்யுங்கள், லைன் நிரம்பும். ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அன்று எனக்கு நாலரை மணிக்கு ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனாலும் அகல் வைத்து அணையும் வரை காரைக் களத்திலேயே விட்டு வைத்தேன். இரவு முழுவதும் கண்ணாடிகளை ஏற்றி வைத்துவிட்டு, காலையில் சாவி போடுவதற்கு முன்னால் பின்கதவைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஓ-ரிங் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. திரும்பவும் கழற்றி உட்கார வைக்கத்தான் வேண்டும்.