குழாய்த் தண்ணீர் ஏன் போதாது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில், வயதான யூதர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ரொட்டி சாப்பிடும் முன் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும், இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் மறுபடியும் ஊற்றிக்கொள்கிறார். ஏன்? இப்போதெல்லாம் கை நடுங்குவதால் என்னை ஊற்றச் சொல்கிறார். நான் கிறிஸ்தவள். ஊற்றலாமா?

பதில்: தாராளமாக ஊற்றலாம். யோசேப் காரோ தொகுத்து, 1565-இல் வெனிஸில் அச்சான ‘ஷுல்ஹான் அருக்’ என்ற சட்ட நூல், யூதரல்லாதவரும் ஊற்றலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

சோப்புக் கழுவல் அழுக்குக்கு. குவளைக் கழுவல் தீட்டுக்கு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம். ஆசாரியர்கள் தங்களுக்குரிய காணிக்கை உணவைத் தூய்மையான கையோடு உண்ண வேண்டும் என்று தொடங்கிய விதி, பிறகு எல்லா யூதரின் ரொட்டிக்கும் பரவியது. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்தும் விதி நின்றுவிடவில்லை. பைபிளில் கானாவூர்க் கலியாணத்தில் வரும் ஆறு கற்சாடிகள் இந்தச் சுத்திகரிப்புத் தண்ணீருக்கானவைதான். கல்லுக்குத் தீட்டு ஒட்டாது என்பது யூதச் சட்டம்.

இந்தக் கழுவலுக்கு எபிரேயத்தில் நெட்டிலத் யதாயிம் என்று பெயர். தண்ணீர் பாத்திரத்திலிருந்து வர வேண்டும், மனிதக் கை ஊற்ற வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் தானாக ஓடுகிறது. அதனால்தான் அது போதாது. குவளை ‘ரெவியித்’ அளவாவது கொள்ள வேண்டும். அது 86 மி.லி. என்பது பரவலான கணக்கு. கண்டிப்பானவர்கள் 150 மி.லி. என்பார்கள். அரை லிட்டர் குவளையை நிரப்பிக்கொண்டால் கணக்கே வேண்டாம். அடியில் ஒழுகும் குவளை ஆகாது. பாத்திரம் தேய்த்த தண்ணீர், சாயம் கலந்து நிறம் மாறிய தண்ணீர் இரண்டும் ஆகாது.

ஊற்றும் முறை: மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். நகத்தில் மாவு, பசை ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். முதலில் வலது கையில், மணிக்கட்டு வரை, முன்னும் பின்னும் விரலிடுக்கும் நனையும்படி ஒருமுறை. நிறுத்தி, இன்னொரு முறை. பிறகு இடது கையில் அதேபோல. சில குடும்பங்களில் மும்மூன்று முறை. அவர் வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் கைகளைத் தேய்த்து, உயர்த்தி, ஆசி சொல்லிவிட்டுத் துடைப்பார்.

பெரும்பாலும் தவறு நடப்பது இடையில்தான். முதல் ஊற்றல் கையைத் தூய்மையாக்கும். ஆனால் அந்தத் தண்ணீரே தீட்டாகிவிடும். அதைக் கழுவித் தள்ளத்தான் இரண்டாம் ஊற்றல். நனைந்த கை, கழுவாத கையைத் தொட்டுவிட்டால் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். குவளைக்கு இரண்டு கைப்பிடி இருப்பதும் இதற்காகவே: கழுவாத கை பிடித்த பிடியைக் கழுவிய கை தொட வேண்டியதில்லை. நீங்கள் ஊற்றினால் அவருக்கு இந்தக் கவலையே இல்லை.

கோதுமை, வாற்கோதுமை போன்ற ஐந்து தானியங்களில் ஏதாவது ஒன்றில் செய்த ரொட்டிக்குத்தான் இது. சோறு சாப்பிடும்போது அவர் குவளையைத் தேடாவிட்டால் மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: கழுவிய பிறகு மாத்திரை போட்டாரா என்று கேட்டால் பதிலே சொல்லாமல் கையைக் காட்டுகிறார். கோபமா?

பதில்: கோபமில்லை. கழுவி முடித்ததிலிருந்து, ரொட்டிக்கான ஆசியைச் சொல்லி ஒரு துண்டை விழுங்கும் வரை பேசுவதில்லை. உப்பு வேண்டும் என்பது போல அந்தச் சாப்பாட்டுக்கே தேவையானதைக் கேட்கலாம். மாத்திரை விஷயத்தைக் கழுவும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஊசி போட்ட இடத்தில் கட்டு இருக்கிறது. அவிழ்க்கச் சொல்கிறார்.

பதில்: அவிழ்க்க வேண்டாம். புண்ணுக்காகப் போட்ட கட்டு என்றால் கையின் மற்றப் பகுதியைக் கழுவினால் போதும் என்பதே சட்டம். ஒன்று மட்டும்: சிறிது சிறிதாக ஊற்றாமல், ஒரு முழு ரெவியித்தை ஒரே வீச்சில் அந்தக் கையில் ஊற்றுங்கள். அப்படி ஊற்றும் தண்ணீருக்குத் தீட்டு வராது. கட்டில் தங்கினாலும் பாதகமில்லை.

கேள்வி: காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது தொழுகை முடியட்டும் என்கிறார். எத்தனை மணிக்குள் முடிய வேண்டும்?

பதில்: கடிகார மணி அல்ல. சூரிய உதயம் முதல் மறைவு வரை பன்னிரண்டாகப் பிரிப்பார்கள். 5.30-க்கு உதயம், 7.30-க்கு மறைவு என்றால் ஒரு ‘மணி’ 70 நிமிடம். மூன்றாம் மணி முடிவதற்குள், அதாவது 9.00-க்குள் ‘ஷெமா’ (கடவுள் ஒருவரே என்ற அறிக்கை), நான்காம் மணிக்குள், 10.10-க்குள் நின்று சொல்லும் முக்கிய மன்றாட்டான ‘அமிதா’. நாட்காட்டியில் இரண்டு நேரம் போட்டிருந்தால், முந்தியது உதயத்துக்கு முன் வரும் விடியல் வெளிச்சத்திலிருந்து எண்ணியது. தொழுகைக்கு முன் தண்ணீரும் மருந்தும் கொடுக்கலாம். நிற்க முடியாதவர் அமிதாவை உட்கார்ந்தே சொல்லலாம். உடல்நிலையால் காலைத் தொழுகை தவறிவிட்டால், பிற்பகல் ‘மின்ஹா’வில் அமிதாவை இரண்டு முறை சொல்லி ஈடுகட்டுவார்.

அமிதாவின்போது எருசலேமை நோக்கி, பாதங்களைச் சேர்த்து வைத்திருப்பார். ஹைஃபாவில் அது தெற்கு. கொச்சி யூதர்களுக்கு மேற்கு. அப்போது அவருக்கு முன்னால் நான்கு முழத்துக்குள், ஏறக்குறைய இரண்டு மீட்டருக்குள், குறுக்கே போகாதீர்கள். உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. ஆனால் அவர் மனம் கலையும். முடித்து மூன்றடி பின்வாங்கிக் குனிந்ததும் பேசலாம்.

கேள்வி: இரவில் கட்டிலருகே குவளையும் கிண்ணமும் வைக்கச் சொல்வது?

பதில்: அது காலைக் கழுவல், முறையே வேறு. கண் விழித்ததும் படுக்கையிலேயே ‘மோதே அனி’ என்ற நன்றி வாக்கியத்தைச் சொல்வார். அதில் கடவுளின் பெயர் இல்லாததால் கழுவாமலே சொல்லலாம். பிறகு வலது, இடது என்று மாற்றி மாற்றி மும்மூன்று முறை ஊற்ற வேண்டும். அதற்கு முன் கண், காது, மூக்கு, வாயைத் தொடமாட்டார். கண்ணாடியை நீங்களாக மாட்டிவிட அவசரப்படாதீர்கள். கிண்ணத்தில் விழுந்த தண்ணீரைச் செடிக்கோ நடைபாதையிலோ கொட்டாமல், கழிவுத் தொட்டியில் ஊற்றிக் கிண்ணத்தை அலசி வையுங்கள்.